நல்ல பர்கருக்கு நான்கு கேள்விகள்

பெருநகரங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வகை உணவகம் பெருகி வருகிறது. அது நட்சத்திர விடுதியும் அன்று. தட்டை நீட்டி நின்றுகொண்டே உண்ணும் துரித உணவுக் கடையும் அன்று. நான்கைந்து மேசைகளும் திறந்த சமையற்கட்டும் அங்கே இருக்கும். சுவரில் கரும்பலகை ஒன்றில் அன்றைய உணவுகள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். விற்பது பெரும்பாலும் பர்கர்தான். ஆயினும் அதனுடன் ‘தரமான’, ‘ஆரோக்கியமான’, ‘புத்தம் புதிய’ என்னும் அடைமொழிகளுள் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும்.

குடும்பத்துடன் ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியே செல்பவர்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பாகத் தோன்றுவது இயல்பே. பிள்ளைகள் பர்கர் கேட்கின்றனர்; பெற்றோர் உடல்நலத்தை எண்ணித் தயங்குகின்றனர்; இரு தரப்பையும் சமாதானப்படுத்த ‘ஆரோக்கியமான பர்கர்’ என்னும் சொல் உதவுகிறது. ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு நாம் உண்மையில் பெறுவது என்ன? அடைமொழியையா, உணவையா? இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியைக் கற்றுத்தரும் இடம் ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்துள்ள விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் கரையோர உணவகங்களே அவை.

நூறாண்டுப் பழைய வாக்குறுதி

பர்கர் ஆரோக்கியமானது என்று சொல்லி விற்பது இன்றைய கண்டுபிடிப்பு எனக் கருதுவோர் உண்டு. உண்மையில் அது ஒரு நூற்றாண்டுப் பழைமை உடையது. 1906 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ என்னும் நாவல், சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அவலத்தை வெளிக்கொணர்ந்தது. அரைத்த இறைச்சி என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம் அது. எதை அரைத்தார்கள் என்பது அரைத்தவருக்கு மட்டுமே தெரியும் அல்லவா?

அந்த ஐயத்தைப் போக்கும் நோக்குடன் 1921 இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிடா நகரில் ‘ஒயிட் காசில்’ என்னும் நிறுவனம் தோன்றியது. பெயரிலேயே வெண்மை, கட்டடமும் வெண்மை, பணியாளர் உடையும் வெண்மை. சமையல் வாடிக்கையாளரின் கண்முன்னே நடந்தது. அதோடும் நிற்கவில்லை. 1930 இல் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரங்கள் அந்நிறுவனத்தின் பர்கரையும் தண்ணீரையும் மட்டுமே உட்கொண்டு நலமாக இருந்தார் என்று காட்டும் ஆய்வு ஒன்றுக்கு அந்நிறுவனமே பொருளுதவி செய்தது. அதன் முடிவை விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டது. ஒரே ஒரு மனிதர், பதின்மூன்றே வாரங்கள், செலவை ஏற்றது விற்பனையாளர். இதனைச் சான்று என்று இன்று எவரும் ஏற்கமாட்டார்.

அதன் பின்னர் வந்தவர்கள் வேறு வழிகளில் சென்றனர். 1986 இல் வர்ஜீனியாவில் தொடங்கிய ‘ஃபைவ் கைஸ்’, 2004 இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் நிலையான கடையாக அமைந்த ‘ஷேக் ஷாக்’ போன்றவை, கேட்ட பிறகே சமைப்பது, நல்ல இறைச்சியைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றை முன்னிறுத்தின. இன்று நம் ஊர்களில் தோன்றும் ‘தரமான பர்கர்’ கடைகள் இவற்றின் வழித்தோன்றல்களே. இவ்வளர்ச்சியில் பாராட்டத்தக்க கூறுகள் உள்ளன. ஆயினும் தரம் வேறு, உடல்நலம் வேறு. மிக உயர்ந்த இறைச்சியாலும் வெண்ணெயாலும் ஆன பர்கர் சுவையில் சிறந்ததாக இருக்கலாம். அதனாலேயே அது உடலுக்கு உகந்ததாகிவிடாது. இந்த இரு சொற்களையும் ஒன்றாகக் குழைத்து விற்பதில்தான் வணிகத்தின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது.

பெயருக்கு விதித்த வரி

பர்கரைப் பற்றிய கவலை கேரளத்துக்குப் புதிதன்று. 2016 ஜூலையில் அம்மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்த அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பெயர்பெற்ற நிறுவன உணவகங்களில் விற்கப்படும் பர்கர், பீட்சா, டோநட், பாஸ்தா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’ விதித்தார். இந்தியாவில் இத்தகைய வரி விதித்த முதல் மாநிலம் கேரளமே. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அவ்வரி மறைந்தது.

அதன் நோக்கத்தைக் குறைகூற இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு. அக்கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவுமுறையால் விளைவது என மதிப்பிடுகின்றன. இத்தகைய சூழலில் அரசு கவலைப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

எனினும் அவ்வரியில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. அது உணவின் பெயரையும் கடையின் பெயரையும் பார்த்தது. உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை. மீனும் காய்கறியும் வைத்துக் குறைந்த எண்ணெயில் வாட்டிய பர்கர் நிறுவன உணவகத்தில் விற்கப்பட்டால் அதற்கு வரி உண்டு. பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்தெடுத்த மைதாப் பண்டம் தெருமுனைக் கடையில் விற்கப்பட்டால் அதற்கு வரி இல்லை. இன்று வாடிக்கையாளர்களாகிய நாம் செய்யும் பிழையும் ஏறக்குறைய இதுவே. அன்று அரசு பெயரைப் பார்த்துத் தண்டித்தது. இன்று நாம் பெயரைப் பார்த்துப் பரிசளிக்கிறோம். ‘ஆரோக்கியம்’ என்னும் சொல் இருந்தால் கூடுதல் விலை தருகிறோம்; அச்சொல் எதனைக் குறிக்கிறது என்று கேட்பதில்லை.

கரையோரம் கற்றுத்தரும் பாடம்

விழிஞ்ஞம் என்றதும் இன்று பலர் நினைவுக்கு வருவது 2025 மே 2 ஆம் நாள் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த ஆழ்கடல் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகமே. ஆனால் ஆய் மன்னர்கள் காலம் முதலே துறைமுகமாக விளங்கிய இவ்வூர், அன்றும் இன்றும் மீனவர்களின் ஊர். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சாலையில் எளிய மீன் உணவகங்கள் பல உள்ளன. அலங்காரம் எதுவும் இல்லை. சில கடைகளில் அன்று வந்த மீன்கள் தட்டில் பரப்பப்பட்டிருக்கும். பாறை, சூரை, வஞ்சிரம், கணவாய், மத்தி எனக் கிடைத்தவை கண்முன் இருக்க, வேண்டியதைச் சுட்டிக்காட்டினால் அளவுக்கேற்ற விலையைச் சொல்வர். மசாலா தடவிச் சூடாகப் பொரித்தோ வாட்டியோ, கப்பைக் கிழங்குடனோ பரோட்டாவுடனோ பரிமாறுவர்.

இந்த முறையில் ‘ஆரோக்கியம்’ என்னும் சொல் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆனால் உணவின் முதன்மையான பொருள் எது, எங்கிருந்து வந்தது, எப்பொழுது வந்தது என்னும் மூன்றுக்கும் விடை கண்முன் கிடக்கிறது. மீனின் கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்தறிய நம் பாட்டிமார்களுக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. அரைத்துத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டி, உறையவைத்துத் தொலைவிலிருந்து வரும் கட்லெட்டுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை.

இந்த வெளிப்படைத்தன்மையின் மதிப்பைக் கேரளம் இருமுறை அனுபவத்தில் உணர்ந்தது. 2018 ஜூன் மாதத்தில், ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்னும் நடவடிக்கையின்போது, வெளிமாநிலங்களிலிருந்து வந்த மீனில் ஃபார்மலின் கலந்திருப்பது எல்லைச் சோதனைச் சாவடிகளில் கண்டறியப்பட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய எளிய சோதனைத் தாள்கள் அதற்கு உதவின. இரண்டாவது, 2025 மே 25 ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கிய நிகழ்வு. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரைகளிலும் ஒதுங்கின. மீன் வாங்கவே பலர் தயங்கினர். ஐயம் எழுந்தவுடன் முதலில் அடிபட்டது மீனவரின் வருவாய். உணவின் மீதான நம்பிக்கை என்பது உண்பவரின் உடல்நலம் மட்டும் சார்ந்ததன்று. அதைப் பிடித்தும் விளைவித்தும் தருபவரின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு மீன் பர்கரின் கதை

மீனுக்கும் பர்கருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். உலகின் மிகப் புகழ்பெற்ற மீன் பர்கர் பிறந்த கதை விழிஞ்ஞத்துக்கு நன்கு பொருந்துவது. 1962 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மெக்டொனால்ட்ஸ் கிளை ஒன்றை நடத்திய லூ குரோயன் என்பவர், வெள்ளிக்கிழமைகளில் விற்பனை விழுவதைக் கண்டார். அப்பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கர்கள் அன்று இறைச்சி உண்பதில்லை. எனவே மீன் வைத்த பர்கரை அவர் உருவாக்கினார். கிறித்தவ மீனவக் குடும்பங்கள் மிகுந்த விழிஞ்ஞத்து மக்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

அக்கதையின் பிற்பகுதிதான் நமக்கு முக்கியம். குரோயன் முதலில் பயன்படுத்தியது ‘ஹாலிபட்’ என்னும் விலையுயர்ந்த மீன். அதனை வைத்தால் 30 சென்ட் விலை வைக்க வேண்டியிருந்தது. நிறுவனமோ 25 சென்ட்டுக்குள் முடிக்க விரும்பியது. எனவே மலிவான ‘காட்’ மீனுக்கு மாறினர். உணவுப் பட்டியலில் பெயர் மாறவில்லை. உள்ளிருந்த மீன் மாறியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வணிகத்தின் இயல்பான கணக்கு அது. எனினும் ஓர் உணவு பல ஊர்களில் ஒரே விலையில், ஆண்டு முழுவதும் ஒரே சுவையில் கிடைக்க வேண்டுமானால், உள்ளிருக்கும் பொருள்தான் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அது காட்டுகிறது.

கரையோர உணவகத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே பொருள் நிலையாக நிற்கும். பட்டியல் வளைந்து கொடுக்கும். கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் விசைப்படகு இழுவைமடிக்குத் தடை உண்டு. அக்காலத்தில், அலைதாங்கும் அரண் உள்ள விழிஞ்ஞத்துக்கு அயலூர்களின் மரபுவழி வள்ளங்களும் வந்து சேர்கின்றன. பருவத்துக்குப் பருவம் வரும் மீன் வேறு, விலையும் வேறு. எனவே ‘இன்று சூரை, நாளை எது வருமோ தெரியாது’ என்று சொல்லும் மீன் பர்கர்க் கடையை நான் நம்புவேன். ஆண்டின் எல்லா நாளும் ஒரே மீன், ஒரே வடிவம், ஒரே விலை என்றால், அது குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். அதிலும் தவறில்லை, அதற்குப் ‘புத்தம் புதியது’ என்று விலை வைப்பதே தவறு.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஆகவே, கூடுதல் விலை கேட்கும் எந்தப் பர்கர் கடையிலும் நாம் நான்கு கேள்விகளைப் பணிவுடன் கேட்கலாம்.

முதற்கேள்வி: நடுவே இருப்பது என்ன, அது இங்கேயே செய்யப்பட்டதா? முழு மீன் துண்டோ, அன்று அரைத்த கோழியோ, வேகவைத்த பயறோ எனில் கடைக்காரர் தயங்காமல் சொல்வார். உறையவைத்து வந்த கட்லெட் எனில் அதன் உறையில் உட்பொருள்களின் பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டுமாறு கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

இரண்டாவது: எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள்? மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் உருவாகும் தீய சேர்மங்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்துள்ளது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்குப் பயன்படுத்தும் உணவகங்கள் அதற்குப் பதிவேடு வைக்கவும் வேண்டும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

மூன்றாவது: சாஸில் என்ன இருக்கிறது? பர்கரின் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் பெருமளவு ஒளிந்திருப்பது இங்கேதான். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அது ஒரு தேக்கரண்டி அளவே. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் வேறொரு இடர். கேரள அரசு 2023 ஜனவரியில் அதனைத் தடைசெய்தது. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

நான்காவது: பன் எதனால் ஆனது? பழுப்பு நிறம் முழுக்கோதுமைக்குச் சான்றாகாது. மைதா மாவுக்கும் அந்நிறத்தை ஊட்ட இயலும். கோதுமை எவ்வளவு, மைதா எவ்வளவு என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார்.

இவற்றோடு, ரசீதில் 14 இலக்க உணவு உரிம எண் அச்சிடப்பட்டுள்ளதா என்றும் பார்க்கலாம். 2022 ஜனவரி முதல் அது கட்டாயம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உடைய உணவகங்கள் பட்டியலில் கலோரி அளவையும் குறிப்பிட வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. ஒற்றைக் கடைகளுக்கு இவ்விதி இல்லை. எனவே அங்கே நம் கேள்விதான் விதி.

இரு தரப்புக்கும் நியாயம்

கரையோரக் கடைகள் எல்லாமே குறையற்றவை என்று சொல்ல வரவில்லை. மீன் அன்று வந்ததாக இருந்தும், அது நேற்றைய எண்ணெயில் பொரிக்கப்பட்டால் பயன் பாதியாகிவிடும். காரமும் உப்பும் அளவு மீறுவதுண்டு. உடன் உண்ணும் பரோட்டாவும் மைதாவே. நவீன பர்கர் கடையிடம் கேட்கும் நான்கு கேள்விகளை இங்கேயும் கேட்டாக வேண்டும். அதே நேரத்தில், திறந்த சமையற்கட்டு, தூய்மையான மேசை, கையுறை, தெளிவான ரசீது ஆகியவற்றில் புதிய கடைகளிடமிருந்து பழைய கடைகள் கற்றுக்கொள்ளவும் இடமுண்டு.

‘பர்கர் அயல்நாட்டு உணவு, அதை ஒதுக்குவதே நல்லது’ என்னும் வாதத்தையும் நான் ஏற்கவில்லை. மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் கப்பைக் கிழங்கும் கடல் கடந்து வந்தவையே. வந்த உணவு நம்முடையதாவது, நம் பொருளை அதில் வைக்கும்போதுதான். மத்தியையோ சூரையையோ இஞ்சி, மிளகு, கறிவேப்பிலையுடன் பிசைந்து தட்டி, சிறிது எண்ணெயில் வாட்டி, வெங்காயமும் வெள்ளரியும் அடுக்கிய பர்கரை அயல்நாட்டு உணவு என்று யார் சொல்வார்? ஒமேகா 3 கொழுப்பு நிறைந்த மத்தி, விலையிலும் எளியது. ஆரோக்கியமான பர்கர் வசதி படைத்தவர்களுக்கே உரியது என்னும் எண்ணத்தை உடைக்க அந்தச் சிறு மீன் ஒன்றே போதும்.

விழிஞ்ஞத்தில் இதற்கான களமும் உருவாகி வருகிறது. மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட், 2024 இல் விழிஞ்ஞம் ஆழக்குளத்தில் ‘கேரள சீஃபுட் கஃபே’ என்னும் கடலுணவகத்தைத் திறந்தது. மீனவப் பெண்கள் குழுவாக நடத்தும் ‘தீரமைத்ரி’ கடலுணவகங்களும் கேரளத்தில் உள்ளன. கரையில் ஏலம் போகும் மீனுக்கும் தட்டில் வரும் மீனுக்கும் இடையே கைகள் குறையக் குறைய, பிடித்தவருக்குக் கிடைக்கும் பங்கு கூடும். உண்பவருக்கும் விடை எளிதாகும். இத்தகைய சிறு உணவகம் தொடங்க விழைவோர், அலங்காரத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன், நல்ல குளிர்ப்பெட்டிக்கும் எண்ணெய்ச் சோதனைக் கருவிக்கும் பணம் ஒதுக்குவது அறிவுடைமை. திரும்பி வரும் வாடிக்கையாளரே கடனை அடைப்பவர். அவர் சுவரோவியத்துக்காகத் திரும்புவதில்லை.

அடுத்த முறை ‘ஆரோக்கியமான பர்கர்’ என்னும் பலகையைக் காணும்போது, உள்ளே செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பணம் செலுத்தும் முன் அந்த நான்கு கேள்விகளைப் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகமலர்ந்து விடை சொன்னால், கூடுதல் விலையை மகிழ்ச்சியுடன் கொடுக்கலாம். அது உழைப்புக்கும் நேர்மைக்குமான விலை. மழுப்பினால், எழுந்து வந்துவிடலாம். வங்கியில் ஒரு படிவத்தில் கையொப்பமிடும் முன் அதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாயில் வைக்கும் உணவுக்கும் அந்தச் சிறு கவனத்தைக் காட்டுவது மிகையாகாது.